ஸ்காட்லாந்தின் மலைநாடும் தீவுகளும்: நாமே காரோட்டிச் செல்லும் பயணத் திட்டம் ஒன்றின் மதிப்பீடு

ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியையும் அதற்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளையும் காரில் சுற்றிப்பார்க்க விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. கார், படகு, தங்குமிடம் எல்லாவற்றையும் தாமே தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அல்லது, இவை யாவற்றையும் ஒரே தொகைக்குள் அடக்கி, கையில் ஒரு வழிக்குறிப்பேட்டையும் கொடுத்து அனுப்பிவைக்கும் நிறுவனம் ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடலாம். நாங்கள் ஜூன் மாதத்தில் இரண்டாவது வழியில் சென்றுவந்தோம். கிளாஸ்கோவில் தொடங்கி, க்ளென்கோ, ஸ்கை தீவு, ஹாரிஸ், லூயிஸ், உல்லாபூல், ஆப்பிள்கிராஸ் என்று சுற்றி, இன்வர்னெஸ் வழியாகக் கிளாஸ்கோவிலேயே முடிந்த அந்தத் திட்டம், பாதையைத் தேர்ந்தெடுத்த விதத்தில் மிகச் சிறப்பானது; நேரத்தைக் கணக்கிட்ட விதத்தில் மிக மோசமானது. தொகை சிறியதல்ல என்பதால், எங்கே கொடுத்த பணம் பலன் தந்தது, எங்கே தரவில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றி. பிரிட்டன் முழுவதிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கமே செல்கின்றன. வெளிநாட்டு ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் பார்வையாளர்கள் 12 மாதங்கள் வரை அதைக் கொண்டே ஓட்டலாம். எங்களுக்குக் கிடைத்தது தானியங்கி கியர் கொண்ட சிறிய கார். பெரிய வண்டி கேட்டிருக்கலாமோ என்ற எண்ணம் முதல் நாளில் எழத்தான் செய்தது. மலைச்சாலைகளுக்குள் நுழைந்த பிறகு, இதைவிட ஓர் அடி அகலமான வண்டி கிடைக்காமல் போனதே நல்லது என்று தோன்றியது. காப்பீடு மட்டும் எரிச்சலூட்டியது. முழுக் காப்பீடும் உண்டு என்று திட்டத்தில் அச்சிட்டிருந்தார்கள். வண்டியை எடுக்கும் இடத்திலோ, டயரும் கண்ணாடியும் வண்டியின் அடிப்பகுதியும் அதில் சேராது என்றும், அவற்றுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். கூர்மையான கற்கள் ஓரம் கட்டிய சாலைகளில் முதலில் அடிபடுபவை இவைதாம் என்பதால், புறப்படும் முன்பே இதைப் பற்றி எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கிளாஸ்கோவிலிருந்து வடக்கே செல்லும் ஏ82 சாலை லோமண்ட் ஏரிக்கரையை ஒட்டிச் சென்று, மரமற்ற, நீர் தேங்கிய ரனோக் சதுப்புவெளியைக் கடந்து, க்ளென்கோ பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் தனக்குள் தானே இடிந்து விழுந்த ஓர் எரிமலையின் எச்சம் அது. 1692 பிப்ரவரியில், விருந்தினராக வந்து தங்கியிருந்த படைவீரர்களே தமக்குச் சோறிட்ட மெக்டொனால்ட் குலத்தாரைக் கொன்ற இடமும் அதுவே. இந்தச் சாலையைப் பற்றிக் குறிப்பேடு எழுதியிருப்பது அருமை: எந்த நிறுத்தத்தில் கூட்டம் இருக்கும், அதற்கு அரை மைல் முன்பே எங்கே ஒதுங்கினால் அதே காட்சி கிடைக்கும் என்பது வரை சொல்லியிருக்கிறார்கள். க்ளென்ஃபினனில் 21 வளைவுகள் கொண்ட கான்கிரீட் ரயில் பாலத்தைப் பார்க்கப் போன இடத்தில், பாலத்தைவிடக் கார் நிறுத்த இடம் தேடியதே நீண்ட அனுபவமாக முடிந்தது. நீராவி ரயில் கடக்கும் நேரத்துக்கு வெகு முன்பே போய்விட வேண்டும். இல்லையென்றால் அதை விட்டுவிடுவது நல்லது.

ஸ்கை தீவுக்குள் நுழைய 1995இல் திறக்கப்பட்ட பாலம் இருக்கிறது. 2004 முதல் அதற்குச் சுங்கமும் இல்லை. எல்லோரும் அதில்தான் போகிறார்கள். எங்கள் திட்டம் அப்படிச் செய்யாமல், ஷீல் பிரிட்ஜ் என்ற ஊரிலிருந்து மாம் ரட்டகன் கணவாயை ஏறிக் கடந்து, க்ளெனெல்க் கிராமத்தின் வழியாகச் சிறு படகில் தீவுக்கு அனுப்பியது. இந்த ஒரு முடிவுக்காகவே திட்டத்தை வகுத்தவரைப் பாராட்ட வேண்டும். 1969இல் கட்டப்பட்ட 'க்ளெனகுலிஷ்' என்ற அந்தப் படகில் ஒரு நேரத்தில் ஆறு கார்களுக்குமேல் ஏறாது. அதன் மேல்தளம் ஒரு சுழல்மேடை. படகு கரையை ஒட்டிப் பக்கவாட்டில் வந்து நிற்கும். பணியாளர்கள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, தோள்கொடுத்துத் தள்ளி, தளத்தையே சுழற்றிக் கரைப்பக்கம் திருப்புவார்கள். கார்கள் ஏறியதும் மீண்டும் தள்ளி நேராக்கிப் பூட்டுவார்கள். இயந்திரம் எதுவும் இல்லை, கைபலம்தான். கையால் சுழற்றும் இத்தகைய படகு இன்று வேறெங்கும் இயங்குவதில்லை என்கிறார்கள். ஊர் மக்களே இதை வாங்கி நடத்துகிறார்கள். கடப்பதற்கு ஐந்து நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகும். அந்தக் குறுகிய நீரிணையில் கடல்நீர் ஆறு போல இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கும்போது, முற்காலத்தில் ஸ்கையின் மாடுகளை ஒன்றன் வாலோடு மற்றொன்றைக் கட்டி இதே இடத்தில் நீந்தவிட்டுச் சந்தைக்கு ஓட்டிப்போனார்கள் என்ற செய்தி வியப்பளிக்கிறது. படகு குளிர்காலத்தில் இயங்காது; கார்களுக்கு முன்பதிவும் இல்லை, வரிசையில் நிற்க வேண்டும். க்ளெனெல்கிற்கு அருகிலேயே டன் டெல்வ் என்ற, ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழைமையுள்ள வட்டக் கற்கோபுரம் நிற்கிறது. சாந்தில்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய அதன் சுவர் ஒரு பக்கத்தில் இன்றும் 10 மீட்டருக்கு உயர்ந்திருக்கிறது. குறிப்பேடு இதற்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தது ஏன் என்று தெரியவில்லை.

ஸ்கை தீவில்தான் நேரக் கணக்கின் குறை முதலில் தெரிந்தது. ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டார் என்ற, 50 மீட்டர் உயரக் கற்தூணுக்கு நண்பகலிலும், குயிரெய்ங் சரிவுகளுக்குப் பிற்பகலிலும் எங்களை அனுப்பினார்கள். தீவுக்கு வருகிற அத்தனை பேரும் அங்கே இருக்கிற நேரம் அதுதான். ஜூனில் இரவு பத்து மணிக்குப் பிறகும் அங்கே வெளிச்சம் இருக்கிறது என்பதால், மாலை உணவை முடித்துக்கொண்டு ஏழு மணிக்கு மேல் குயிரெய்ங் ஏறினால், பக்கவாட்டு வெயிலில் ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு தெரிகிறது, கூட்டமும் இல்லை. நாங்கள் மறுநாள் மாலை அப்படித்தான் மீண்டும் போனோம். இந்த நிலத்தின் விசித்திர வடிவத்துக்குக் காரணம் எளிமையானது. கீழே ஜுராசிக் காலத்து மென்மையான படிவுப்பாறைகள். அவற்றின்மேல் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பின் கனத்த அடுக்குகள். மேலே இருப்பதன் பாரத்தைக் கீழே இருப்பது தாங்கமாட்டாமல், மலைமுகடு முழுவதுமே கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. குயிரெய்ங்கில் அந்தச் சரிவு இன்னும் நிற்கவில்லை; அடிவாரத்துச் சாலையை அடிக்கடி செப்பனிட வேண்டியிருக்கிறது, அந்த ஒட்டுகளின்மேல் கார் தூக்கிப்போடுவதை உட்கார்ந்த இடத்திலேயே உணரலாம்.

தீவின் மேற்கே, கார்பொஸ்ட் என்னும் ஊரில் 1830இல் தொடங்கிய டாலிஸ்கர் விஸ்கி ஆலை திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல், ஓட்டுநரின் இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராம் ஆல்கஹால்தான் வரம்பு; இங்கிலாந்தில் இது 80. ஆகவே ஓட்டுபவர் வாயில் வைக்காமல் இருப்பதே முறை. ஆலைகள் பலவற்றிலும் ஓட்டுநரின் பங்கைச் சிறு புட்டியில் அடைத்துக் கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இங்கே ஒற்றைத்தடச் சாலைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தப் பயணத்தின் நேரத்தை நிர்ணயிப்பவை அவைதான். ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய அகலம்; குறிப்பிட்ட தூரத்துக்கொரு முறை, வெள்ளைப் பலகை நட்ட ஒதுங்குமிடம். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் நம் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழைந்து நிற்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் போகக் கூடாது, அதற்கு நேரெதிரே சாலையிலேயே நின்று, எதிரில் வருபவர் அதற்குள் புகுந்து சுற்றிச் செல்ல விட வேண்டும். மேடேறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிடுவது மரபு. பின்னால் உள்ளூர்க்காரர் வேகமாக வந்தால் அவரையும் ஒதுங்கி முன்னே விட வேண்டும். படம் எடுப்பதற்காக ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போவது அங்கே பெரும் அநாகரிகம். சட்டப்படி அங்கே மணிக்கு 60 மைல் வரை போகலாம். நடைமுறையில் முப்பதைத் தொடுவதே பெரிது. சாலையின் நடுவே ஆடுகள் படுத்திருக்கும். இதெல்லாம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளின் பயண நேரத்தையும் கணக்கிட்டவர் அந்தப் பக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஸ்கையின் ஊயிக் துறைமுகத்திலிருந்து ஹாரிஸின் டார்பர்ட்டுக்குக் கார் ஏற்றும் பெரிய படகில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. ஹாரிஸில் எங்களுக்குத் தரப்பட்டது ஒரே இரவு, அதுவும் மாலையில் வந்து சேர்ந்து காலையில் புறப்படுகிற இரவு. திட்டத்தின் மிகப்பெரிய பிழை இதுதான் என்பேன். தீவின் கிழக்குக் கரையில், கட்டுவதற்கு ஆன பெருஞ்செலவைக் குறித்துக் கோல்டன் ரோடு (பொன் சாலை) என்று அழைக்கப்படும் சாலை, மண்ணே இல்லாத சாம்பல்நிறப் பாறைகளுக்கிடையே வளைந்து நெளிந்து போகிறது. அந்தப் பாறை லூயிசியன் நைஸ். அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் வரை போகிறது, ஐரோப்பாவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. அந்தக் கரையிலிருந்து சில மைல் தாண்டி மேற்கே திரும்பினால், லஸ்கென்டைரின் வெண்மணலும் அதன் பின்னே கோடையில் காட்டுப்பூக்கள் அடர்ந்த மாஹர் என்னும் கடலோரப் புல்வெளியும். பொடிந்த கிளிஞ்சல் மணல் காற்றில் பறந்து வந்து படிந்ததால் மேற்குக் கரைக்கு மண் கிடைத்தது, கிழக்குக்குக் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவுடைமையாளர்கள் மேற்குக் கரையின் குடியானவர்களை வெளியேற்றி அங்கே ஆடுகளை விட்டபோது, பலர் போய்ச் சேர்ந்தது கிழக்கின் இந்தப் பாறைகளுக்குத்தான். பாறை இடுக்குகளில் கடற்பாசியும் கரிமண்ணும் சேர்த்து அவர்கள் கட்டிய சிறு பாத்திகள், காரிலிருந்து பார்த்தாலே, வரிவரியான மேடுகளாக இன்றும் தெரிகின்றன. இவ்வளவையும் மாலை உணவுக்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் பார்க்கச் சொன்னால் எப்படி?

ஹாரிஸ் ட்வீட் துணியைப் பற்றி ஒரு சொல். 1993இல் பிரிட்டன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, ஹாரிஸும் லூயிஸும் அடங்கிய வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் சாயம் தோய்த்து நூற்ற தூய கம்பளி நூலைக் கொண்டு, அத்தீவுகளில் வாழ்வோர் தம் வீட்டிலேயே கையால் நெய்தால்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். எங்கள் திட்டத்தில் ஒரு நெசவாளரின் கொட்டகையைப் பார்வையிட ஏற்பாடு செய்திருந்தார்கள். மின்சாரம் இல்லாத தறி. கால்களால் மிதிவண்டி போல மிதித்து ஓட்டுகிறார். பாவு நூல் ஒன்று அறுந்தபோது மிதிப்பதை நிறுத்தி, அறுந்த முனையை விரல்நுனியால் தடவித் தேடி எடுத்து, முடிச்சிட்டு, தறி ஓடாதிருந்த அந்தச் சில நொடிகளில் மட்டும் எங்கள் கேள்விக்குப் பதில் சொன்னார். விற்பனைப் பேச்சே இல்லை. திட்டத்தில் இருந்த கட்டணப் பார்வைகளுள் இதுவே மேலானது.

லூயிஸுக்கும் ஹாரிஸுக்கும் நடுவே கடல் கிடையாது. இரண்டும் ஒரே நிலப்பரப்புதான், சாலைவழியே போய்விடலாம். ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் நடப்பட்ட கலனிஷ் கற்கள், நடுவில் 4.8 மீட்டர் உயரக் கல்லோடு, கடல் உட்புகுந்த கழியைப் பார்த்த மேட்டில் நிற்கின்றன. வேலி இல்லாததால் கற்களுக்கிடையே நடந்து போய்த் தொட்டுப் பார்க்க முடிகிறது. ஆனால் நாங்கள் லூயிஸில் இருந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. தீவில் ஞாயிறு ஓய்வுநாளாகக் கண்டிப்புடன் பேணப்படுகிறது. லூயிஸின் துறைமுக நகரான ஸ்டோர்னோவேயிலிருந்து பெருநிலத்து உல்லாபூலுக்கு ஞாயிற்றுக்கிழமைப் படகு விடப்பட்டதே 2009 ஜூலையில்தான், அதுவும் பெரும் எதிர்ப்புக்கிடையே. கடைகளும் உணவகங்களும் எரிபொருள் நிலையங்களும் பெரும்பாலும் மூடிக்கிடந்தன. உள்ளூர் வழக்கத்தை நான் குறைசொல்லவில்லை, சொல்லப்போனால் அந்த அமைதி பிடித்தே இருந்தது. தீவுகளுக்கென்றே திட்டம் வகுத்து விற்கிற ஒரு நிறுவனம், ஞாயிறு அங்கே விழுவதைக் கவனிக்காமலும், முன்கூட்டியே எரிபொருளும் உணவும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை எழுதாமலும் விட்டதைத்தான் குறைசொல்கிறேன். தங்கியிருந்த வீட்டு அம்மையார் சூப்பும் ரொட்டியும் கொடுத்திருக்காவிட்டால் அன்று பிஸ்கட்டோடுதான் பொழுது போயிருக்கும்.

தங்குமிடங்கள் எங்கும் திருப்தி. பெரும்பாலும் குடும்பங்கள் நடத்தும், காலை உணவு சேர்ந்த சிறு விடுதிகள். சைவ உணவு கிடைக்குமா என்று தயங்குவோர் கவலைப்பட வேண்டாம். ஆட்டின் உள்ளுறுப்புகளால் செய்யும் ஹாகிஸ் என்ற ஸ்காட்லாந்து உணவுக்குப் பதிலாக, பருப்பும் ஓட்ஸும் சேர்த்துச் செய்த சைவ ஹாகிஸ் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உண்டு. கிராமத்து உணவகங்களில் சமையற்கட்டை எட்டரை மணிக்கெல்லாம் மூடிவிடுகிறார்கள், அவ்வளவுதான். காரிலேயே படுத்துறங்கும் கேம்பர் வேனை வாடகைக்கு எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2003ஆம் ஆண்டின் நிலச் சட்டம் ஸ்காட்லாந்தின் பெரும்பாலான இடங்களில் நடந்து சென்று கூடாரமடிக்கும் உரிமையைத் தருகிறது என்பது உண்மை, ஆனால் அது மோட்டார் வண்டிகளுக்குப் பொருந்தாது. கண்ட இடத்தில் வேனை நிறுத்தித் தூங்கலாம் என்று நம்பிப் போகக் கூடாது.

உல்லாபூலில் இறங்கிய பின் திட்டம் மீண்டும் மேலெழுகிறது. 2015இல் அறிமுகமாகி உலகறிந்த 516 மைல் நீளமான 'நார்த் கோஸ்ட் 500' சுற்றுப்பாதையின் மேற்குப் பகுதி இது. வடக்கே 13 மைலில் இருக்கும் நொக்கன் பாறைமுகட்டில், சுமார் 50 கோடி ஆண்டு வயதுள்ள சுண்ணப்பாறையின்மேல் அதைவிட இரு மடங்கு பழைய பாறை ஏறி உட்கார்ந்திருக்கிறது. பழையது கீழேயும் புதியது மேலேயும் இருக்க வேண்டும் என்ற பாடத்தைத் தலைகீழாக்கிய இந்தப் புதிரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலவியலாளர்கள் பல பத்தாண்டுகள் வாதிட்டார்கள்; பென் பீச், ஜான் ஹார்ன் என்ற இருவரின் கள ஆய்வு, கண்டங்கள் மோதியபோது பழைய பாறை பல மைல் தூரம் தள்ளப்பட்டு மேலேறியது என்பதை நிலைநாட்டியது. இரண்டு பாறைகளும் சந்திக்கும் கோட்டின்மீது ஒரு கையை அகல விரித்து வைத்தால், மேல்விரலும் கீழ்விரலும் இரண்டு வயதுப் பாறைகளைத் தொடுகின்றன. அவசியம் நிற்க வேண்டிய இடம்.

அடுத்து உல்லாபூலிலிருந்து கடலோரமாக டோரிடன் வழியே ஆப்பிள்கிராஸ். 100 மைலுக்குச் சற்று மேல். குறிப்பேடு இதை ஒரு காலைப் பொழுதாகக் கணக்கிட்டிருந்தது. எங்களுக்குப் பகல் முழுவதும் ஆயிற்று. பிரிட்டனின் முதல் தேசிய இயற்கைக் காப்பகமாக 1951இல் அறிவிக்கப்பட்ட பென் எய் மலையடிவாரத்தில் கால்மணி நேரம் நடந்ததோடு சரி, மற்றதெல்லாம் கண்ணாடி வழியாகத்தான். கடைசியில் வருவது பியாலக் நா பா கணவாய். கடல்மட்டத்திலிருந்து 626 மீட்டருக்கு ஏறும் ஒற்றைத்தடச் சாலை, சில இடங்களில் ஐந்தடிக்கு ஓரடி ஏற்றம், உச்சிக்குச் சற்றுக் கீழே அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள். புதிதாக ஓட்டப் பழகுபவர்களும் பெரிய வண்டிகளும் போக வேண்டாம் என்று தொடக்கத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் பொருட்படுத்தாமல் ஏறிவந்த ஒரு பெரிய வேன் வளைவில் பின்வாங்க முடியாமல் நிற்க, மேலும் கீழும் கார்கள் வரிசைகட்டின. ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நகர்த்தி வழிவிட அரை மணி நேரத்துக்குமேல் ஆனது. உச்சியில் மேகம் இல்லாவிட்டால் ஸ்கையின் மலைவரிசை முழுவதும் தெரியும். மயக்கமோ உயரத்தைக் கண்டு அச்சமோ உள்ளவர்கள், ஷீல்டெய்க்கிலிருந்து கடலோரமாகச் சுற்றிவரும் மாற்றுச் சாலையில் ஆப்பிள்கிராஸுக்கு வரலாம். குறிப்பேடு அதைச் சொல்லவில்லை.

மிட்ஜ் எனப்படும் பொடிக் கொசுக்களைப் பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை. மே முதல் செப்டம்பர் வரை, காற்று ஓய்ந்த காலையிலும் மாலையிலும் அவை மேகம்போல் மொய்க்கும். காற்று வீசினால் தலைகாட்டா. உடலில் பூசும் மருந்தும் தலையை மூடும் வலையும் உள்ளூர்க் கடைகளில் கிடைக்கின்றன.

இன்வர்னெஸிலிருந்து தெற்கே திரும்பும் ஏ9 சாலையில், இரு இடங்களுக்கிடையே சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் 2014 முதல் இருக்கின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காரை ஒப்படைத்தபோது தகராறு எதுவும் இல்லை. முன்பணம் சில நாட்களில் முழுவதுமாகத் திரும்பிவிட்டது.

இந்த வகைத் திட்டத்தை வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன்பே சில மாற்றங்களைக் கேட்டுப் பெறலாம். ஸ்கையில் ஓர் இரவைக் குறைத்து ஹாரிஸில் சேர்க்கச் சொல்லுங்கள். உல்லாபூலுக்கும் ஆப்பிள்கிராஸுக்கும் இடையே டோரிடனில் ஓர் இரவு கேளுங்கள். லூயிஸில் ஞாயிறு விழுகிறதா என்று நாள்காட்டியைப் பாருங்கள். எங்கள் நிறுவனத்திடம் பின்னர் இதை எழுதியபோது, புறப்பாட்டுக்கு வெகு முன்பே கேட்டிருந்தால் கூடுதல் கட்டணமின்றி மாற்றித் தந்திருப்போம் என்று பதில் வந்தது. தீவுப் படகுகளில் கார்களுக்கான இடம் கோடையில் வெகு விரைவில் நிரம்பிவிடுவதாலும், தேதியை மாற்றினால் படகையும் மாற்ற வேண்டியிருப்பதாலும், இந்தப் பேச்சை குளிர்காலத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.